பிஸ்டன், ஸ்கோப், ஆகஸ்ட் முப்பத்தொன்று

சிவக்குமார் அண்ணா மூன்றாவது தடவையாகக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. இந்த மனிதருக்கு வேண்டியது பிஸ்டன் ரைஃபிள்.

ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டைத் தாண்டித் தெற்கே போகிற சாலையில், ஒரு டயர்க் கடைக்குப் பக்கத்தில் இருந்த துப்பாக்கிக் கடையில் அப்போது நான் வேலை பார்த்தேன். முன்பக்கம் விற்பனைக் கவுன்டர், பின்பக்கம் சுட்டுப் பழகுகிற ரேஞ்ச். இப்போது நான் ரிட்டயர்டு. வயது முப்பத்திரண்டு. சிரிக்காதீர்கள். இடது காதில் குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்து குடியேறிவிட்டது, இறங்கவே மாட்டேன் என்கிறது. காதுக்கு அடைப்பான், மேலே மூடி என்று இரட்டைப் பாதுகாப்பு போட்டும் இந்தக் கதி. காது டாக்டர் ஆடியோகிராமைத் திருப்பிக் காட்டி, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள், ரேஞ்ச் பக்கம் இனிப் போகாதே என்று சொல்லிவிட்டார்.

போன பிறகுதான் மவுசு. எங்கள் ஊர்த் தமிழ்ப் பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒருவனாவது கேட்கிறான். "ப்ரோ, பிஸ்டனா, சாதாவா?" "தலைவா, ரெட் டாட் போதுமா, ஸ்கோப் வேணுமா?" ஒருவன், "பென்ஷனர் அய்யா வந்து தீர்ப்பு சொல்லணும்" என்று கும்பிடு பொம்மை வேறு போடுகிறான். தமிழ்ச் சங்க மலருக்கு எழுதிக் கொடுத்துவிடு, ஒரே தடவையில் முடிந்துவிடும் என்றார் மலர் ஆசிரியர். எழுதுகிறேன். ஆனால் பதில் ஒரு வரியில் முடியாது. நான் இன்றுவரை அதை நினைத்து நகம் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவரும் அவருடைய வக்கீலும் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் இது அச்சுக்குப் போகிறது.

நான் படித்தது மெக்கானிக்கல். பட்டம் வாங்கிய வருடம் பார்ட்-டைமாகக் கடைக்குள் நுழைந்தவன், அப்படியே தங்கிவிட்டேன். மீனாட்சி கோயிலில் யாராவது கேட்டால் அம்மா, "ஸ்போர்ட்ஸ் குட்ஸ் லைன்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் பிரசாத வரிசைக்கு நகர்ந்துவிடுவார். முதல் வருடம் காலித் தோட்டாக் கூடுகளைப் பெருக்கினேன், வாடகைத் துப்பாக்கிகளைத் துடைத்தேன். கையில் எது வந்தாலும் உள்ளே குண்டு இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, மறுபடி கண்ணால் பார்க்கப் பழகினேன். அடுத்தவன் இப்போதுதான் பார்த்துவிட்டுக் கொடுத்தான் என்றாலும் பார்க்க வேண்டும். இன்றைக்கும் வீட்டு வாசல் பூட்டை அப்படித்தான் பார்க்கிறேன். என் மனைவிக்கு அது ஒரு தனி எரிச்சல்.

முதலாளி டோனா. அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பெரிய பிளாஸ்டிக் கோப்பை நிறைய ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் கடித்துக்கொண்டிருப்பார். கறுக், கறுக். அந்தச் சத்தம் நின்றால் கடையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்போம். எங்கேயோ ஏதோ தப்பு நடக்கிறது என்று பொருள்.

அவருக்கு ஒரு வார்த்தை போதும்: "காட்டு." குண்டு இல்லை என்றால் காட்டு. திருகு முறுக்கியாகிவிட்டது என்றால் காட்டு. வாடிக்கையாளர் நான் பதினைந்து வருஷமாகச் சுடுகிறேன் என்று பெருமை பேசினாலும் அதே வார்த்தைதான். குறிபார்க்கிற ஸ்கோப்பை ரைஃபிளில் பொருத்தும்போது டார்க் ரெஞ்சால் அளவாக முறுக்கி, திருகுக்கும் ஸ்கோப்பைத் தாங்குகிற மவுண்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டில் முடி மாதிரி ஒரு கோடு இழுக்கச் சொல்வார். திருகு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

சிவக்குமார் அண்ணா வந்தது ஒரு ஜனவரி மாதம். பெருந்துறைப் பக்கத்துக்காரர், ஹூஸ்டனில் ஒரு ஆயில் கம்பெனிக்கு டேட்டாபேஸ் பார்க்கிறவர். ஊரை விட்டுத் தள்ளி மூன்று ஏக்கர் வாங்கி, வாழையும் முருங்கையும் நிலக்கடலையும் போட்டிருந்தார். காட்டுப் பன்றிக் கூட்டம் வந்து ஒரே ராத்திரியில் டிராக்டர் விட்ட மாதிரி உழுது போட்டுவிட்டது.

"ஏனுங் தம்பி, நீங்க தமிழா? நல்லதாப் போச்சு. அந்தம்மா கேக்கற கேள்வி எனக்குப் பாதி வெளங்கலைங்க" என்றார்.

டோனா கேட்ட கேள்வி எளிமையானது. நீ குடியுரிமைக்காரனா, கிரீன் கார்டா, விசாவா?

எச்-ஒன்-பி வேலை விசா. பதினாலு வருடமாக. கிரீன் கார்டு மனு போட்டு, இந்தியர்களின் அந்த முடிவில்லாத வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார்.

இந்த இடத்தில் தம்பிகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். விசாவில் இருக்கிறவன் துப்பாக்கியை மட்டுமில்லை, ஒரு தோட்டாவைக்கூட வைத்திருக்கக் கூடாது என்கிறது மத்திய அரசுச் சட்டம். ரேஞ்சில் வாடகைக்குத் தொடுவதும் வம்புதான். விதிவிலக்குகளில் நம் ஆட்களுக்குப் பொருந்துகிற ஒன்று, வேட்டை லைசென்ஸ். அது உயிரோடு இருக்கிறவரைதான் விலக்கும் உயிரோடு இருக்கும். டோனா அன்று கவுன்டரைத் தாண்டவே விடவில்லை. "லைசென்ஸ் வாங்கிவிட்டு வா. காட்டு. பிறகு பேசலாம்."

வேறு யாராவது என்றால் முகம் சுளித்துப் போயிருப்பார்கள். நம்மவரோ வேட்டைப் பாதுகாப்புக் கோர்ஸை ஆன்லைனில் படித்து, நூற்றுக்கு நூறு வாங்கி, சான்றிதழையும் லைசென்ஸையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுத்த சனிக்கிழமை வந்து நின்றார். "டென்த் பப்ளிக்ல கூட நான் இப்படிப் படிக்கலைங்க."

ரேஞ்சில் வலது தோளில் வைத்துச் சுட்டார். நடுவில் ஒன்றும் விழவில்லை. இலக்கின் இடது ஓரத்தில் மட்டும் சல்லடை. இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள், ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள் என்றேன். வலது கண்ணால் பார்த்தால் கடிகாரம் காணாமல் போனது. அவருக்கு ஆளுகிற கண் இடது.

"அண்ணா, நீங்க லெஃப்ட் ஹேண்டா?"

சிரித்தார். "பொறக்கையில லெஃப்டுங்க. சோத்துக் கைய மாத்தோணும்னு அம்மா பீச்சாங்கைய முந்தானையில கட்டி உட்ருவாங்க. அஞ்சு வயசுக்குள்ள ரைட் ஆயிட்டேன்."

கையை மாற்றினார்கள், கண்ணை மாற்ற முடியவில்லை. இடது தோளுக்கு மாற்றியதும் குண்டுகள் ஒரே இடத்தில் விழ ஆரம்பித்தன. அண்ணா சின்னப் பையன் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார். துப்பாக்கி முனையை மட்டும் திருப்பவில்லை, அதற்கே நான் அவருக்கு மார்க் போட்டேன்.

பிறகுதான் கண்ணாடி துடைக்க ஆரம்பித்தார்.

வழக்கமான ரைஃபிளில் குண்டை விரட்டிய வாயுவில் கொஞ்சம் ஒரு குழாய் வழியாகப் பின்னால் வந்து, உள்ளே அடுத்த தோட்டாவை ஏற்றுகிற போல்ட்டை நேரடியாகத் தள்ளும். தள்ளிய மிச்சம், புகையும் எண்ணெயுமாக, சுடுகிறவனின் முகத்துக்குப் பக்கத்தில்தான் வெளியேறும். எங்கள் வாடகை ரைஃபிள்களில் சத்தம் குறைக்கிற சைலன்சர் வேறு மாட்டியிருந்தது. அது வாயுவை இன்னும் அதிகமாகப் பின்னால் தள்ளும். கூடு வெளியே தெறிக்கிற ஓட்டை வலது பக்கம். இடது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு அந்த ஓட்டை மூக்குக்கு நேராக வரும். பிஸ்டன் ரைஃபிளில் அந்த வாயு முன்னாலேயே ஒரு தண்டைத் தள்ளிவிட்டு அங்கேயே வெளியேறிவிடும். தண்டுதான் போல்ட்டைத் தள்ளும். உள்ளே சுத்தம், முகத்துக்கு நிம்மதி.

கண்டுபிடித்துவிட்ட குஷியில் டோனாவிடம் ஓடினேன். அவர் ஐஸை மென்றுகொண்டே கேட்டார். முன்பாரம் கூடும், அவர் வயலில் எவ்வளவு நேரம் தூக்கிக்கொண்டு நிற்பார்? உதிரி பாகம் அந்தக் கம்பெனியிடம் மட்டும்தான் கிடைக்கும், உடைந்தால் என்ன செய்வார்? உதை கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும், அவருக்குப் பிடிக்கிறதா என்று கேட்டாயா? சைலன்சர் இல்லாமல் சுட்டால் வழக்கமான ரைஃபிளே இவருக்குப் போதுமே?

நான் அண்ணாவிடம் கேட்டேன். அவர் குரலைத் தணித்தார். "சைலன்சர் கட்டாயம் வேணுமுங்க தம்பி. பக்கத்துப் பண்ணைக்காரர் குதிரை வெச்சிருக்கார், மெரளும். ஆனா அதுக்கு இன்னொரு பேப்பர் வேலை இருக்குதாம். கிரீன் கார்டு வந்தப்பறம் பாத்துக்கறேன்." எல்லாமே அவருக்கு அப்படித்தான். அம்மாவைக் கூட்டிவருவது, சொந்தமாகக் கம்பெனி தொடங்குவது, சைலன்சர், எல்லாம் அந்த அட்டைக்குப் பின்னால் வரிசையில் நின்றன.

அந்தக் காரணம் டோனாவுக்குப் போதுமானதாக இருந்தது. வாயுவைக் கூட்டிக் குறைக்கிற திருகு முன்னால் உள்ள பிஸ்டன் ரைஃபிளை எடுத்தோம். சுடாமல் பூட்டுகிற சேஃப்டி அதில் இரண்டு பக்கமும் இருந்தது. குழலை மட்டும் கொஞ்சம் மெல்லியதாகப் பார்த்து முன்பாரத்தைக் குறைத்தோம். தம்பிகளுக்கான என் தொழில்முறைப் பதில் இவ்வளவுதான்: சைலன்சர் மாட்டுவாய், இடது தோளில் சுடுவாய், அடிக்கடி துடைக்கச் சோம்பல் என்றால் பிஸ்டன். இல்லாவிட்டால் சாதா ரைஃபிளை வாங்கி, மிச்சத்தில் தோட்டா வாங்கிப் பழகு.

குறிபார்க்கிற ஆப்டிக்தான் படுத்திவிட்டது. முதலில் ரெட் டாட் காட்டினேன். கண்ணாடிக்குள் சிவப்பாக ஒரே ஒரு புள்ளி, அதை இலக்கில் வைத்தால் முடிந்தது. அண்ணா பார்த்துவிட்டு, "புள்ளி எங்கீங்க? நசுங்குன தக்காளி மாதிரியல்ல தெரியுது" என்றார். என் போனை எடுத்து அதன் வழியாகவே ஒரு படம் எடுத்துக் காட்டினேன். படத்தில் புள்ளி உருண்டையாக இருந்தது. பழுது ஆப்டிக்கில் இல்லை, கண்ணில். அவருக்கு அஸ்டிக்மாட்டிசம், கருவிழியின் வளைவு சீராக இல்லாத கோளாறு. இப்படி இருக்கிறவர்கள் இரவல் வாங்கியாவது பார்த்துவிட்டு ரெட் டாட் வாங்குங்கள்.

அடுத்து பிரிஸம். அதில் குறி கண்ணாடியிலேயே பொறித்திருக்கும், சிதறாது. ஆனால் கண்ணை மிகக் கிட்டே கொண்டுபோக வேண்டும், அவர் மூக்குக்கண்ணாடி போய் இடித்தது. பரவாயில்லை, பழகிக்கொள்கிறேன் என்று பிப்ரவரியில் அதோடு வாங்கிப்போனார். விற்பனைத் தாள்களை டோனாவே உட்கார்ந்து பார்த்தார். ரைஃபிளை ஒப்படைக்கும் முன் வேட்டை லைசென்ஸை எடுத்து, அதன் மேல் விரலை வைத்துச் சொன்னார்: "இது எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி செத்துப்போகும். மறுநாள் உன் வீட்டில் இந்தத் துப்பாக்கி இருந்தால், புது லைசென்ஸும் இருக்க வேண்டும். புரிந்ததா?" அண்ணா உடனே போனில் ரிமைண்டர் போட்டுக் காட்டினார்.

கோடை முழுக்கப் பன்றிகள் வந்தன, அண்ணா தவறவிட்டார். ஆகஸ்ட் கடைசியில் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கழுத்து புடிச்சுக்குதுங்க தம்பி. கண்ணாடிக்கு மேல் ஓரமாப் பாக்க வேண்டியிருக்கு."

கண்களை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வைக்கச் சொன்னேன். டோனா கற்றுக்கொடுத்த வித்தை. உடம்பு தானாக எங்கே நிற்கிறதோ அங்கே நின்ற பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். அவர் திறந்தபோது ஆப்டிக் அவர் பார்வைக்கு இரண்டு விரல் கீழே இருந்தது. அவருடையது இடத்துக்கு இடம் பவர் மாறுகிற புராக்ரெசிவ் கண்ணாடி. தலை குனிந்தால் தப்பான பவர் வழியாகப் பார்ப்பார். தலை நிமிர்ந்திருக்க வேண்டும், ஆப்டிக் மேலே வர வேண்டும். ஒன்றிலிருந்து ஆறு மடங்குவரை பெரிதாக்குகிற ஸ்கோப்பும் உயரமான மவுண்டும் போடலாம் என்றேன். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் தாராளமாக இடைவெளி கிடைக்கும். மவுண்ட் கடையில் இல்லை. வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ரைஃபிளை விட்டுவிட்டுப் போனார்.

மவுண்ட் செப்டம்பரில் வந்தது. பொருத்தி, கோடு இழுத்து, ரேஞ்சில் வைத்துச் சரிபார்த்தேன். அதற்குள் அண்ணா தினமும் போன். "நேத்தும் வந்துருச்சுங்க. கடலை போச்சு. சாயங்காலம் வரமுடியாது, ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்குது. நீங்க வீட்டுக்கு வார வழியில கொண்டாந்து குடுத்தீங்கன்னா..." எனக்கு வழிதான். என் கைவேலையை அவர் தோட்டத்திலேயே பார்க்க ஆசையும் இருந்தது. டோனாவிடம் கேட்டேன். சரி என்றார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவைத் தாண்டும்போது பின்னாலிருந்து சொன்னார்: "கார்த். காரின் டிரங்க்கைத் திறப்பதற்கு முன்னால் லைசென்ஸைப் பார்."

அவரே ரிமைண்டர் போட்ட ஆசாமி. பிளாஸ்டிக் உறைக்காரர். எனக்குச் சிரிப்பு வந்தது.

தோட்டத்து கேட்டில் மூவரும் நின்றார்கள். அண்ணா, அவர் மனைவி மாலதி அக்கா, எட்டாவது படிக்கிற மகள் நிலா. அக்கா கையில் எனக்காக முறுக்கு டப்பா. வாழை ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. கொட்டகையோரம் நாலைந்து தோட்டாப் பெட்டிகளை அண்ணா தயாராக எடுத்து அடுக்கியிருந்தார்.

"வாங்க வாங்க. தொறங்க, பாக்கலாம்" என்று என் காரின் பின்பக்க டிரங்க் மேல் தட்டினார்.

"ஒரு ஃபார்மாலிட்டிண்ணா. புது லைசென்ஸ் காட்டிட்டீங்கன்னா..."

"அது வேண்டாமுங்களே."

"வேண்டாமா?"

"பன்னிக்கு லைசென்ஸே வேண்டாம்னு ஸ்டேட்லயே சொல்லிட்டாங்க தம்பி. நம்ம நெலத்துல நம்ம சுட்டா ஒண்ணும் தேவையில்ல. நான் வெப்சைட் முழுக்கப் படிச்சேன். ரிமைண்டர் வந்துச்சு, அப்பறம் எதுக்குன்னு ரின்யூ பண்ணாம உட்டுட்டேன்."

அவர் படித்தது சரி. டெக்சாஸில் தனியார் நிலத்தில் காட்டுப் பன்றி சுட வேட்டை லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அது பன்றியைப் பற்றிய மாநில விதி. அவர் துப்பாக்கியைத் தொடலாமா என்பது மத்திய அரசுச் சட்டம். அந்தச் சட்டத்துக்குப் பன்றி ஒரு பொருட்டே இல்லை. அந்த லைசென்ஸ் ஒன்றுதான் எச்-ஒன்-பிக்காரருக்கும் குற்றத்துக்கும் நடுவில் நின்ற வேலி. அதை அவரே நன்றாகப் படித்துப் பார்த்துப் பிடுங்கிப் போட்டிருந்தார்.

ரைஃபிள் அவரிடம் இல்லை, ஆகஸ்டிலிருந்து எங்களிடம்தான். நல்லது. உடனே கண் கொட்டகைப் பக்கம் போனது. தோட்டா. தோட்டாவும் கூடாதே. செப்டம்பர் ஒன்றிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது.

டிரங்க் மேல் கையை வைத்தேன். "அண்ணா, நான் இதைத் தொறக்க முடியாது."

"ஏனுங்க? என்ர துப்பாக்கிங்க."

"உங்க துப்பாக்கிதான். இப்ப குடுத்தா உங்களுக்கும் கேஸ், கடைக்கும் கேஸ்."

முகம் இறுகியது. "தம்பி, நான் பதினாலு வருஷமா இந்த ஊருல ஒரு பார்க்கிங் டிக்கெட் வாங்குனதில்ல. உங்க டோனாம்மா சொல்லிக் குடுத்தாங்களா, இண்டியன்னா சந்தேகப்படுன்னு?"

நிலா குறுக்கே வந்தாள். "அப்பா, ஜஸ்ட் பை இட். இட்ஸ் லைக் டூ மினிட்ஸ்."

அப்பா நிறுத்தவில்லை. வெப்சைட்டைத் திறந்து என் முகத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார். எல்லா வரியும் சரி. அதுதான் பயமாக இருந்தது. நான் டோனாவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். ஐஸ் கடிபடும் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். சத்தம் நின்றது.

"டிரங்க் மூடியிருக்கிறதா?"

"மூடியிருக்கிறது."

"மூடியே இருக்கட்டும். அவரை இந்த நிமிஷமே லைசென்ஸ் வாங்கச் சொல். பிறகு இமிக்ரேஷன் வக்கீலுக்குப் போன் போடச் சொல். எதையும் மறைக்க வேண்டாம், எதையும் யாரிடமும் தள்ளிவிடவும் வேண்டாம். சிவா, கேட்கிறதா? நான் உன்மேல் கோபமாக இல்லை. உனக்காகப் பயப்படுகிறேன்."

அதற்குப் பிறகுதான் அண்ணாவுக்கு உறைத்தது. போனைக் கீழே இறக்கினார். கொட்டகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தோட்டாவுமா தம்பி?"

தலையாட்டினேன்.

மாலதி அக்கா முறுக்கு டப்பாவை என் கார் மேலேயே வைத்துவிட்டார். "பதினாலு வருஷமுங்க. எங்கப்பா செத்தப்பக் கூட, திரும்பி வர விசா ஸ்டாம்பிங் கெடைக்காமப் போயிருமோன்னு ஊருக்குப் போகாம ஒக்காந்திருந்தேன். நீங்க ஒரு பன்னிக்கு..." திட்டியிருந்தால் தேவலை.

அங்கே போனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். லைசென்ஸ் வாங்குகிற வெப்சைட் பணம் கட்டுகிற இடத்தில் போய்ச் சுற்றிக்கொண்டே நின்றது. இரண்டு தடவை முயன்றார். அவசரத்தில் கார்டு நம்பர் தப்பாக விழுந்தது. ஊருக்குள் விளையாட்டுச் சாமான் கடையில் கவுன்டரிலேயே கொடுப்பார்கள் என்று என் காரிலேயே கூட்டிப்போக நினைத்து, கதவு வரை திறந்துவிட்டேன். டிரங்க்கில் அந்த ரைஃபிள் இருக்கிறது. அதோடு அவரை ஒரே காரில் உட்காரவைப்பது என்ன கணக்கில் வரும்? தெரியவில்லை. கதவைச் சாத்தினேன். அக்கா ஓட்ட, அவர்கள் முன்னால் போனார்கள். நான் பின்னால். வேக வரம்புக்குக் கீழேயே போனேன். ஒரு போலீஸ் வண்டி எதிரே போனபோது, என்னிடம் எல்லாம் சட்டப்படி இருந்தும், ஸ்டியரிங் ஈரமானது.

கடையில் மீன்பிடி சாமான்களுக்குப் பக்கத்தில் வரிசை. முன்னால் ஒரு தாத்தா தூண்டிலைப் பற்றி நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணா காலை மாற்றி மாற்றி நின்றார். தாள் அச்சாகி வந்ததும் அதைப் பிளாஸ்டிக் உறையில் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு பார்க்கிங் லாட்டுக்கு வந்தார்.

"இப்ப தரலாம்ணா" என்றேன். உண்மையில் தரலாம். அந்த நிமிஷத்திலிருந்து எல்லாம் சரி.

"வேண்டாமுங்க தம்பி. கடையிலயே இருக்கட்டும். அதைப் பாக்கவே எனக்கு இப்ப பயமா இருக்குதுங்க."

பன்றிகளுக்கு அண்ணா மின்வேலி போட்டார். பாதி தோட்டம் தப்பியது. அந்த ரைஃபிள் டோனாவின் பாதுகாப்பறையில், நான் இழுத்த வெள்ளைக் கோடுகள் உடையாமல், அதற்குப் பிறகு ஒரு குண்டுகூடச் சுடாமல் இருக்கிறது. என் சர்வீஸில் நான் பொருத்தியதிலேயே கச்சிதமான ஸ்கோப் அதுதான்.

ஆனால் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருந்த அந்தச் சில நாட்கள் அழிந்துபோகவில்லை. இந்த வருடம் கிரீன் கார்டு வரிசையில் அண்ணாவின் முறை வந்துவிட்டது. இன்டர்வியூ கடிதமும் வந்துவிட்டது. அதிகாரி முன்னால் சத்தியம் செய்துவிட்டு உட்கார வேண்டும். நீ எப்போதாவது, கைதாகாவிட்டாலும்கூட, ஒரு குற்றம் செய்திருக்கிறாயா என்று ஒரு கேள்வி உண்டு. எப்போதாவது என்ற அந்தச் சொல்லைப் பற்றி மாலதி அக்கா என்னிடம் போனில் அரை மணி நேரம் பேசினார். "யாருக்குங்க தெரியப்போவுது? சொல்லாட்டி என்ன?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் முன்னே, "இல்ல இல்ல, அது வேண்டாம்" என்றும் அவரே சொன்னார்.

அண்ணாவின் இமிக்ரேஷன் வக்கீல் அம்மாவும் அதையேதான் சொன்னார். மறைத்தால் அது தனிப் பொய்யாகிவிடும், அதற்கு மன்னிப்புக் கிடையாது. நடந்ததைச் சொல்லுவோம். உடனே லைசென்ஸ் வாங்கியதற்கும், துப்பாக்கி கடையில் இருந்ததற்கும் தாள்கள் வைத்திருக்கிறோம், கேட்டில் நடந்ததை நீங்கள் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். எப்படி முடியும் என்று கேட்டதற்கு, வாக்குக் கொடுக்கமாட்டேன் என்றார்.

ஆகவே தம்பிகளே, பிஸ்டனா சாதாவா என்று இனி யார் கேட்டாலும் நான் முதலில் கேட்கப்போவது, நீ எந்த ஸ்டேட்டஸ், உன் லைசென்ஸ் எந்தத் தேதியில் சாகிறது என்பதுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்டர்வியூ அடுத்த செவ்வாய். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும், எனக்கு இப்போது தெரியாதது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். வக்கீல் அம்மா அண்ணாவுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். கேள்வி வந்ததும் "ஆமாம்" என்று சொல்ல வேண்டும். பிறகு என்ன நடந்தது என்று சுருக்கமாக இரண்டு, மூன்று வாக்கியம். பிறகு நிறுத்த வேண்டும். அதிகாரியாக உட்கார்ந்து கேட்கிற வேலை எனக்கு. அண்ணா வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸ். ஒவ்வொரு தடவையும் நன்றாகத்தான் தொடங்குகிறார். மூன்றாவது வாக்கியத்தில் குரல் ஏறுகிறது, "ஆனா வெப்சைட்ல என்ன போட்டிருக்குன்னா" என்று போனை எடுத்துவிடுகிறார். நேற்று நிலா அந்தப் போனைப் பிடுங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள்.

இன்று சாயங்காலம் மறுபடி போகிறேன். "ஆமாம்" என்று சொல்லிவிட்டு, நடந்ததைச் சொல்லிவிட்டு, அவரை வாயை மூடவைத்துப் பார்க்க வேண்டும்.